பனிச்சாலையில் காரை நிறுத்துவது பிரேக்கா, டயரா? – வாசகர் கேள்விகள்

குளிர்காலம் நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி டயரைப் பற்றியவை, மீதி பிரேக்கைப் பற்றியவை. இரண்டும் ஒரே விஷயத்தின் இரு முனைகள் என்பதால் இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் காரில் 225/45 ஆர்17 அளவில் கோடைக்கால டயர்கள் இருக்கின்றன. போன பனிக்காலத்தில் சிக்னலில் பிரேக்கை அழுத்தியதும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடித்தது. வண்டியோ கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. ஆறு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) துளை போட்ட பெரிய டிஸ்க்கும் கொண்ட பிரேக் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, குளிர்கால டயர் வாங்கலாமா? இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது.

பதில்: டயர். யோசிக்கவே வேண்டாம்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பெடல் துடித்தது என்றால் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு, இறங்கி வேலை செய்திருக்கிறது. சக்கரத்தையே பூட்டிவிடும் அளவுக்குப் பிரேக் அழுத்தி, அந்த விசையைத் தரைக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் டயர் வழுக்கத் தொடங்கும்போதுதான் அது இறங்கும். அதாவது, பிரேக்கில் பலம் மிச்சம் இருந்தது. தீர்ந்துபோனது டயரின் பிடிப்பு. மிச்சம் இருப்பதை இன்னும் கூட்டி என்ன பயன்?

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழுதான் முடிவு செய்கிறது. அது 0.8 என்றால் (நல்ல உலர்ந்த தார்ச்சாலை) சுமார் 12 மீட்டர். 0.3 என்றால் (இறுகிய பனியில் நல்ல குளிர்கால டயர்) 33 மீட்டர். 0.2 என்றால் 49 மீட்டர். 0.1 என்றால் (வழவழப்பான ஐஸ்) 98 மீட்டர். இதில் டிஸ்க்கின் விட்டமோ பிஸ்டன்களின் எண்ணிக்கையோ எங்கும் நுழைவதில்லை. 0.2-ஐ 0.3 ஆக்கினால் 16 மீட்டர் மிச்சம், கிட்டத்தட்ட மூன்றரை கார் நீளம். அதைச் செய்யக்கூடியது டயர் மட்டும்தான்.

பெரிய பிரேக் எதற்கு என்றால், வெப்பத்துக்கு. நீண்ட மலை இறக்கம், பின்னால் டிரெய்லர், பந்தயப் பாதை என்று திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்துச் சூடேறும் இடங்களில் அது பலன் தரும். பனிச்சாலையில் உங்கள் டிஸ்க் சூடேறவே திணறும். அதோடு பனிக்காலத்தில் அந்தச் செட் சில வம்புகளையும் கூட்டி வரும். டிஸ்க்கின் துளைகளில் உப்புச்சேறு அடைத்துத் துருப்பிடிக்கும். விரிசல் பெரும்பாலும் துளை விளிம்பில்தான் தொடங்கும். பந்தயத்துக்கென்று செய்த காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசி மறைக்கும் ரப்பர் உறை இருக்காது. உப்பும் மண்ணும் நேராக உள்ளே போகும். முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் பங்கீடு குலைந்து, பின்சக்கரங்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டு, நிற்கும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. கடைசியாக, பெரிய டிஸ்க்கின் மேல் 16 அங்குல ரிம் உட்காராது. குளிர்காலத்துக்குச் சிறிய ரிம் போடும் வழியும் அடைபட்டுவிடும்.

கேள்வி: எங்களுடையது நான்கு சக்கர இழுவை உள்ள கார், எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும். அதற்கும் குளிர்கால டயர் தேவையா?

பதில்: தேவை. நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. சொல்லப்போனால், எளிதாக வேகமெடுப்பதால் தரை எவ்வளவு வழுக்கலாக இருக்கிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும். அது தெரிய வரும் இடம் முதல் வளைவு.

கேள்வி: கடையில் எம்+எஸ் என்று பொறித்த டயரைக் காட்டி, இதுவும் பனி டயர்தான் என்கிறார்கள். மலை போட்ட சின்னம் வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? 7 டிகிரி என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில்: மலைச் சின்னம்தான் சரி. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும். எம்+எஸ் என்பது ‘சேறும் பனியும்’ என்பதன் சுருக்கம். டிரெட்டின் (டயர் தரையைத் தொடும் பகுதி) வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளும் குறி அது; எந்தப் பனிச் சோதனையும் அதற்குக் கிடையாது. மலைச் சின்னம் வேண்டுமென்றால், இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரோடு ஓட விட்டு, குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்டியாக வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் எம்+எஸ் குறி மட்டும் உள்ள டயர் குளிர்கால டயர் கணக்கில் வராது.

ஆனால் மலைச் சின்னத்துக்கும் எல்லை உண்டு. அந்தச் சோதனை நேர்கோட்டில், பனியில் நடப்பது. வளைவில் எப்படி, ஐஸில் எப்படி என்பதை அது சொல்வதில்லை. உங்கள் ஊரில் பனியைவிட ஐஸ்தான் தொல்லை என்றால், 2021 மே முதல் ஐரோப்பிய டயர் லேபிளில் வரும் ஐஸ் பிடிப்புச் சின்னம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

7 டிகிரி செல்சியஸ் என்பது கோடு கிழித்த எல்லை அல்ல, ஓர் உத்தேசம். வெப்பம் குறையக் குறையக் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்து, தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கிப் படியாமல் மேலேயே நின்றுவிடும். குளிர்கால டயரின் ரப்பர் கலவை உறைநிலைக்குக் கீழும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. டிரெட் கட்டிகளில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது ஒவ்வொரு வெட்டும் கொஞ்சம் விரிந்து, அதன் விளிம்பு பனியைச் சுரண்டிப் பிடிக்கும். டிரெட் முழுக்கப் பனி அப்பிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பனியோடு பனி ஒட்டும் அளவுக்கு ரப்பர் பனியோடு ஒட்டாது. பனியுருண்டை பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: குளிர்காலத்துக்குத் தனி ரிம் செட் வாங்கப் போகிறேன். இப்போது இருப்பது 225/45 ஆர்17. ஒரு அளவு குறைக்கலாமா? அகலமான டயர்தானே நன்றாகப் பிடிக்கும்?

பதில்: குறைக்கலாம், பெரும்பாலும் குறைப்பதே நல்லது. உலர்ந்த சாலையில் அகலம் உதவும். உருகலும் பனியும் கலந்த கஞ்சி போன்ற சாலையிலோ அகல டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும். குறுகலானது கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால் பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழியில் ரிம் அடிபடுவதும் குறையும்.

வெளிவிட்டம் மாறக்கூடாது, மாறினால் வேகமானியும் ஏபிஎஸ்ஸும் குழம்பும். 225/45 ஆர்17-க்கு: அகலம் 225 மி.மீ.; அதில் 45 சதவீதமான பக்கச்சுவர் உயரம் 101.25, இருபுறமும் சேர்த்து 202.5, ரிம் 17 அங்குலம் என்றால் 431.8, மொத்தம் 634.3 மி.மீ. 205/55 ஆர்16-க்கு: 225.5-ம் 406.4-ம் சேர்த்து 631.9 மி.மீ. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. இந்த ஜோடி இவ்வளவு புழக்கத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்து சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. வண்டியின் கையேட்டில் 94 கேட்டிருந்தால் 91 போடக்கூடாது. வேகக் குறியீட்டில் குளிர்கால டயருக்குப் பல நாடுகள் தளர்வு தருகின்றன. சுமையில் யாரும் தருவதில்லை.

ரிம் வாங்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒன்று. ரிம்மின் உள்தள்ளல், அதாவது ஆஃப்செட், இரண்டு. நடுத்துளை மூன்றாவது; அது ஹப்பைவிட (ரிம் மாட்டப்படும் அச்சுமுனை) பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். இதெல்லாம் காகிதத்தில் சரியாக இருந்தாலும், டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்மின் உட்புறத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். சக்கரம் சமநிலையாகச் சுழல ரிம்மில் ஒட்டுகிற பேலன்ஸ் எடை அந்த இடத்தில் வந்தால் உரசும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டயர் ஏற்றிய ரிம்மைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: முன்சக்கர இழுவைதான் என்பதால் முன்னால் மட்டும் இரண்டு குளிர்கால டயர் போட்டால் போதாதா?

பதில்: போதாது, ஒன்றுமே போடாததைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்த கணமே பின்பக்கம் வெளியே வீசி, வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். நான்கு அல்லது ஒன்றுமில்லை. தேய்மானத்தில் வேறுபாடு இருந்தால் அதிக டிரெட் உள்ள ஜோடி எப்போதும் பின்னால்.

கேள்வி: ஆணி வைத்த டயர் வாங்கலாமா?

பதில்: தினமும் வெறும் ஐஸ் மேல் ஓட்டுபவராக இருந்து, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் வாங்கலாம். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில்தான் ஐஸ் மிக மோசமாக வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். ஆணியின் சிறப்பு அந்த இடத்தில்தான். நல்ல குளிர் இறங்கிவிட்டால் ஐஸ் இறுகி ஆணி குறைவாகவே இறங்கும். ஆணியில்லாத டயருக்கும் ஆணி டயருக்கும் பிடிப்பில் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். வெறும் தார்ச்சாலையில் ஆணி டயர் நிற்க அதிக தூரம் எடுக்கும், இரைச்சலும் போடும், சாலையையும் அரைக்கும். அரைபட்ட சாலைத்தூசி தாங்காமல் ஜப்பானில் 1990-இல் சட்டம் போட்டு ஆணியைத் தடுத்தார்கள். ஆணியில்லாமல் ஐஸில் பிடிக்கும் மென்ரப்பர் டயர்கள் அங்கே இவ்வளவு முன்னேறியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

வாங்கினால் முதல் 500 கி.மீ. மென்மையாக ஓட்டுங்கள்: திடீர் வேகம் கூடாது, திடீர் பிரேக் கூடாது. ஆணி தன் குழியில் அமர வேண்டும். அமராத ஆணி ஒன்றொன்றாகக் கழன்று விழும். அடுத்த ஆண்டு மாட்டும்போது முன்பு சுழன்ற அதே திசையில் சுழலும்படி மாட்டுங்கள்.

கேள்வி: குளிர்காலத்துக்கு எந்தப் பிரேக் பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை) நல்லது? ‘ஸ்போர்ட்’ பேட் அதிகம் பிடிக்கும் என்கிறார்கள்.

பதில்: சூடானால் பிடிக்கும். காலையில் மைனஸ் 10 டிகிரியில் வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனையில் முதல் முறை அழுத்தும்போது அது மரக்கட்டை போல இருக்கும். பந்தயப் பேட்டுகள் இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான டிகிரியில் வேலை செய்யவே அவை பிறந்தவை.

சில பேட்டுகளின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஎஃப், இஎஃப் என்று இரட்டை எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில் உள்ளது. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்து இ என்று இருப்பதைக் குளிர்காலத்துக்குத் தவிர்க்கலாம். ஆனால் அந்தச் ‘சாதாரண வெப்பம்’ என்பதே ஏறத்தாழ 93 முதல் 204 டிகிரி செல்சியஸ் வரை அளந்தது. உறைந்த காலையின் முதல் அழுத்தலைப் பற்றி அந்த எழுத்து வாய் திறப்பதில்லை. ஆகவே வண்டியோடு வந்த பேட்டுக்கு இணையானதையே வாங்குங்கள். ஐரோப்பிய ஆர்90 சான்று பெற்ற பேட் என்றால் அசல் பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

உப்புத் தூவும் ஊருக்கு உராய்வைவிட முக்கியமான ஒன்று பேட்டின் முதுகுத்தகடு. வெறும் பெயின்ட் அடித்த தகட்டில் ஓரத்திலிருந்து துரு ஊர்ந்து, உராய்வுப் பகுதியை உப்பித் தூக்கும். பேட் பாதிகூடத் தேயாமல் இருக்கும்போதே பாளமாகக் கழன்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள தகடு, அதில் பேட்டைக் கவ்வும் கொக்கிகள் – இவை இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். டிஸ்க்கிலும் அப்படித்தான்: துளையோ வெட்டோ வேண்டாம், சாதாரண டிஸ்க், ஆனால் நடுப்பகுதியிலும் விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சு உள்ளது.

புதுப் பேட்டைப் பனி விழும் முன்பே போடுங்கள். உலர்ந்த, ஆளில்லாத சாலையில் 60 கி.மீ.யிலிருந்து 20 கி.மீ.க்கு மிதமாகப் பத்து முறை குறைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் விட்டு. பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். பனிச்சாலையில் இதைச் செய்யவே முடியாது.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வலது முன்சக்கரத்தில் உள்பேட் முழுக்கத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. பேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: மாற்றினால் அடுத்த குளிர்காலத்திலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள். வலது காலிப்பரின் வழுக்குப் பின்கள், அதாவது காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகள், இறுகிவிட்டன. பிஸ்டன் உள்பேட்டை நேரடியாகத் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பர் நகர்ந்து வந்து வெளிப்பேட்டை அழுத்த வேண்டும். வழுக்குப் பின்கள் இறுகினால் காலிப்பர் நகராது. உள்பேட் ஒன்றே உழைத்துத் தேயும். வலப்பக்கம் பாதிப் பலம், இடப்பக்கம் முழுப் பலம். அதனால்தான் இடப்பக்கம் இழுக்கிறது. (பிரேக் தொடாமலே ஒரு பக்கம் இழுத்து, அந்தச் சக்கரம் மட்டும் சுட்டால், அந்தப் பக்கம் பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது, கதை வேறு.)

சமதரையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரை எடுத்ததும் அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். இரண்டு பின்களையும் விரலால் இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல வர வேண்டும். வராவிட்டால் கழற்றி, பிரேக் கிளீனரால் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். பின்னில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும். நீர் உள்ளே போன வழி அந்தக் கிழிசல்தான்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் மட்டும். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இந்த ரப்பரை ஊதவைக்கும். சரிசெய்த வழுக்குப் பின்கள் ஒரே பருவத்தில் மறுபடி இறுகும். மெல்லிய படலம் போதும். குழி நிறைய அப்பினால் உள்ளே காற்று அடைபட்டு, உள்ளே தள்ளிய வழுக்குப் பின் தானாகவே வெளியே எகிறும். இரண்டு பின்களும் ஒரே மாதிரி தோன்றினாலும் சில வண்டிகளில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும்.

பலர் விட்டுவிடும் இடம் அடுத்து வருகிறது. பேட்டின் காதுகள் உட்காரும் தாங்கியில் துருப்பிடிக்காத தகட்டுக் கிளிப் இருக்கும். கிளிப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அதன் அடியில் தாங்கி துருவேறி உப்பி, கிளிப்பைத் தூக்கிப் பேட்டை நெருக்கும். கிளிப்பை நெம்பியெடுத்து, கம்பிப் பிரஷ்ஷாலும் அரத்தாலும் துருவை மட்டும் எடுங்கள். உலோகத்தைத் தின்ன வேண்டாம். புதுக் கிளிப் போட்டபின் பேட் விரலழுத்தத்தில் நகர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் ஏறுகிறது என்றால் துரு இன்னும் இருக்கிறது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று பாருங்கள். அது பெயின்ட்டைத் தின்றுவிடும். பின்சக்கரத்தில் மின் ஹேண்ட் பிரேக் இருந்தால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்; பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும். எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும்.

பேட்டை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உப்புச்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தச் சுத்தம் ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் முடிந்ததும். நாம் தேடும் ‘பிரேக் மேம்பாடு’ இதுதான். செலவு ஒரு சின்ன டியூப் கிரீஸும் நாலு கிளிப்பும்.

கேள்வி: பிரேக் ஆயிலுக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டா? கொதிநிலை அதிகமான ஆயில் போட்டால் போதும்தானே?

பதில்: குளிரில் பார்க்க வேண்டியது கொதிநிலையை அல்ல, பிசுபிசுப்பை. ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் நொடிக்குப் பலமுறை ஊசித்துளை வால்வுகள் வழியே இந்தத் திரவத்தைத் தள்ளுகின்றன. ஆயில் பாகு போல இறுகினால் அந்தத் துடிப்பு மந்தமாகும். மைனஸ் 40 டிகிரியில் பிசுபிசுப்புக்கு விதிக்கப்பட்ட மேல் எல்லை, டப்பாவில் எழுதியிருக்கும் டாட் என்ற தர வகைப்படி, டாட் 3-க்கு 1500, டாட் 4-க்கு 1800, டாட் 5.1-க்கு 900; ‘வகுப்பு 6’ என்று குறித்த டாட் 4-க்கு 750 (நொடிக்குச் சதுர மி.மீ. கணக்கில்). டாட் 4 கேட்கும் வண்டியில் வகுப்பு 6 தாராளமாகப் போடலாம். பிரேக்கில் பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்று கை அரிப்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

டாட் 5-ஐத் தொடாதீர்கள். எண்ணைப் பார்த்து 5.1-க்குத் தம்பி என்று நினைக்க வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ்ஸுக்கும் ஆகாது. எந்த ஆயிலானாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். காற்றிலிருந்து ஈரம் இழுப்பது அதன் குணம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கேள்வி: இரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் பின்சக்கரம் சுற்றவே மறுக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ஊற்றிய நீரே அடுத்த இரவு உறையும். சூடும் குளிரும் மோதினால் டிஸ்க்குக்கும் நல்லதல்ல. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘டக்’ என்று விட்டுவிடும். சமதரை என்றால் கியரிலோ பி-யிலோ நிறுத்தி, சக்கரத்துக்கு அடைப்புக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம். சரிவு என்றால் ஹேண்ட் பிரேக்கைத் தவிர்க்கக்கூடாது. தானாகப் போட்டுக்கொள்ளும் மின் ஹேண்ட் பிரேக் என்றால் அதை நிறுத்திவைக்கும் வழியைக் கையேட்டில் பாருங்கள். அடிக்கடி உறைகிறது என்றால் கேபிளின் மேலுறை எங்கோ வெடித்து நீர் புகுந்திருக்கிறது; கேபிளையே மாற்ற வேண்டும்.

கேள்வி: மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். பிரேக்கே தேய்வதில்லை என்று சந்தோஷப்பட்டேன். சோதனையில் பின் டிஸ்க் முழுக்கத் துரு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: தேயாததுதான் பிரச்சினை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வம். உப்பு படியும், துரு பள்ளம் பறிக்கும், பிறகு எவ்வளவு பிடித்தாலும் போகாது. வாரம் ஒருமுறை உலர்ந்த சாலையில், பின்னால் யாரும் வராதபோது, நியூட்ரலுக்கு மாற்றி நான்கைந்து முறை நன்றாகப் பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் பல கார்களில் மோட்டார் குறுக்கே வராது. ஐஸ் உள்ள நாளில் மோட்டார் பிரேக்கிங்கைக் குறைந்த அளவுக்கு வையுங்கள். காலை எடுத்ததும் அது ஓர் அச்சைப் பலமாகப் பிடிப்பதால், நீங்கள் பிரேக்கைத் தொடாமலே அந்தச் சக்கரங்கள் வழுக்கத் தொடங்கலாம்.

கேள்வி: பனியில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் பிடிப்பு கூடும் என்பது உண்மையா?

பதில்: பனியில் புதைந்த வண்டியை வெளியே எடுக்கச் சில நிமிடம் குறைக்கலாம். சாலையில் ஓட்டக் கூடாது. நீங்கள் குறைக்காமலே குளிர் குறைத்துவிடும்: ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது தோராயக் கணக்கு. 15 டிகிரி உள்ள கொட்டகையில் 35 அடித்தால், மைனஸ் 15 டிகிரியில் வெளியே நிற்கும்போது 30-தான் இருக்கும். ஆகவே வெளியே நின்று ஆறிய டயரில் அளந்து அடியுங்கள்.

கேள்வி: நானே சக்கரங்களை மாற்றினேன். இரண்டு நாள் கழித்து 80 கி.மீ.க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது. பேலன்ஸ் போய்விட்டதா?

பதில்: முதலில் குனிந்து ரிம்முக்குள் பாருங்கள். உள்ளே ஒரு பக்கம் பனி அப்பி உறைந்திருந்தால் இதே நடுக்கம் வரும். தட்டி எடுத்தால் தீர்ந்தது. பேலன்ஸ் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய இலவசச் சோதனை இது.

அது இல்லையென்றால் ஹப்பின் முகத்தைச் சந்தேகியுங்கள். அங்கே துருச் செதில் ஒன்று இருந்தாலும் ரிம் நேராக உட்காராது. மாற்றும்போதே கம்பிப் பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தேய்த்திருக்க வேண்டும். அடுத்த முறை ரிம் ஒட்டிக்கொள்ளாதிருக்க நடுவளையத்தில் மட்டும் கிரீஸை மெல்லத் தடவலாம். போல்ட் மரையில் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். மரை வழுக்கினால், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) சொல்லும் அதே அளவில் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். இறுக்குவது எதிரெதிராக, நட்சத்திர வரிசையில். அளவு கையேட்டில் உள்ளபடி. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நீங்கள் அதைச் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. இன்றே செய்யுங்கள், தளர்ந்த நட்டுக்கும் அறிகுறி இதே நடுக்கம்தான்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய குளிர்கால டயர் நான்கை விற்கிறார். ‘நிறைய ஆயுள் இருக்கிறது’ என்கிறார். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அளவுகோலும் டார்ச்சும் கொண்டுபோங்கள். டயரில் டாட் என்று தொடங்கும் குறியின் (பிரேக் ஆயில் டாட் வேறு) கடைசி நான்கு இலக்கம் வயது: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். அது பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். மாட்டியிருந்தால் உட்புறம் குனிந்து பாருங்கள். நான்கிலும் பாருங்கள். ஆறேழு ஆண்டைத் தாண்டியதென்றால் டிரெட் எவ்வளவு இருந்தாலும் எங்களுக்குச் சம்மதமில்லை, ரப்பர் இறுகியிருக்கும்.

புதிதில் டிரெட் 8, 9 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். ஆனால் குளிர்கால டயருக்கு 4 மி.மீ.யோடு வேலை முடிந்தது. ஆஸ்திரியாவில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மெல்லிய வெட்டுகளைக் கவனியுங்கள்: சில டயர்களில் அவை அடிவரை போவதில்லை, பாதி தேய்ந்ததும் மறைந்து வெறும் கட்டியாகிவிடும். பார்க்கக் கனமான டிரெட், பனியிலோ மொட்டை டயர் மாதிரி. கோடையிலும் கழற்றாமல் ஓட்டியவை என்றால் கட்டிகளின் விளிம்பு உருண்டு வழவழத்திருக்கும். பள்ளத்தின் அடியில் நகத்தால் விரித்து நுண்விரிசல் தேடுங்கள், ரிம்மில் ஏற்றாதிருந்தால் உட்புறம் டார்ச் அடித்து ஒட்டுப்போட்ட இடம் தேடுங்கள். சுழற்சி அம்பு போட்ட டயர் என்றால் நான்கில் இரண்டு இடப்பக்கத்துக்கும் இரண்டு வலப்பக்கத்துக்கும் பொருந்தும்படி ரிம்மில் ஏற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.